கண்மாயில் அலை எழுப்பக் கூடாது

ஏப்ரல் 6

கீழக்கொன்றைக் கண்மாய் மீனைத் திருடுகிறவர் ஊராட்சித் தலைவர் வைரவசுந்தரம்.

இன்று விடிந்ததும் மடைப் பக்கம் போனேன். ஈரக் கரையில் லாரித் தடம். தடத்தின் மேல் எட்டணாக் காசு அகலத்துக்குச் செதில்கள், உருகி முடியாத ஐஸ் துண்டுகள். பின்சக்கரங்களில் ஒன்று வழுக்கையாகத் தேய்ந்திருந்தது. அப்படி ஒரு சக்கரம் இந்த ஊரில் தலைவரின் செங்கல் சூளை லாரிக்குத்தான் உண்டு. நான் விலங்கியலில் முதுகலை முடித்தவள். தடத்தைப் பார்த்து விலங்கைச் சொல்வது எங்களுக்கு முதல் பருவப் பாடம்.

மே ஒன்றாம் தேதி இங்கே மீன்பிடித் திருவிழா. தண்ணீர் முழங்காலளவு வற்றியதும் ஊர் மொத்தமும் கண்மாயில் இறங்கும். தலைவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார், எல்லோரும் குதிப்பார்கள். பிடித்தது பிடித்தவருக்கு. விற்கக் கூடாது, குழம்பு வைத்துத் தின்ன வேண்டும். அதற்காக வருடம் முழுக்க யாரும் வலை போடக் கூடாது. யாரும் என்றால் தலைவரும்தான்.

இதை ஊரில் சொல்லியே ஆக வேண்டும். நாளை சொல்கிறேன்.

நான் வந்தது வேறு வேலைக்கு. இந்தக் கண்மாயின் மடைச் சுரங்கத்தில் மீன் பிடிக்கும் வௌவால்கள் தொங்குகின்றன. கல்லூரி ஆய்வுத் திட்டம். பேராசிரியர் மதுரையில் ஏசி அறையில் இருக்கிறார், நான் இங்கே நூலகக் கட்டடத்தின் பின்னறையில் கொசுக்களோடு இருக்கிறேன். தங்குவதற்கும் கண்மாயில் கருவி வைப்பதற்கும் தலைவரின் அனுமதிக் கடிதம் வேண்டும். அதை மாதாமாதம் அவரே புதுப்பிக்க வேண்டும்.

வௌவாலின் குரல் நம் காதுக்கு எட்டாது. என் கருவி அதை ‘டிக் டிக்’ என்று மாற்றிக் கொடுக்கும். ஊரில் அதற்கு வௌவால் ரேடியோ என்று பெயர். பொழுது சாய்ந்தால் கேட்க ஆள் சேர்ந்துவிடுகிறது. இன்று தலைவரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

“ஏம் பாப்பா, இருட்டுல அதுக்கு எப்பிடி மீன் தெரியுது?”

சொன்னேன். ஆடாத தண்ணீர் கண்ணாடி மாதிரி. வௌவாலின் குரல் அதில் பட்டு முன்னால் சறுக்கிப் போய்விடும், திரும்பி வராது. மீன் வாயைத் தூக்கினாலோ துடுப்பு வெளியே தெரிந்தாலோ தண்ணீரில் ஒரு சுளிப்பு விழும். அந்தச் சுளிப்பில் பட்ட குரல் மட்டும் வௌவாலுக்குத் திரும்பும். உடனே அது வேகமாகக் கத்த ஆரம்பிக்கும். நெருங்க நெருங்க இடைவெளி குறையும். டிக்... டிக்... டிக் டிக் டிக், கடைசியில் டர்ர்ர். பின்னங்கால் நகம் தண்ணீரைக் கீறும். மீன் மேலே.

“அப்ப அலை அடிச்சாத்தான் அதுக்கு மீனு கெடைக்கும்?”

“ஆமாங்கய்யா.”

“அலையே இல்லேன்னா?”

“மீன் இருக்கறதே தெரியாது.”

தலைவர் வெகுநேரம் தலையாட்டிக்கொண்டே இருந்தார். அறிவியலில் இவ்வளவு ஆர்வமுள்ள தலைவரை நான் கண்டதில்லை.

ஏப்ரல் 7

சொல்லவில்லை. கருவியில் பேட்டரி தகராறு.

ஏப்ரல் 9

மந்தைத் திடலில் ஊர்க்கூட்டம். கண்மாயில் மீன் துள்ளுவதே காணோமே என்று ஒருவர் கேட்டார். தலைவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார்.

“வௌவால் திங்குதுய்யா. நான் சொல்லல. படிச்ச புள்ள சொல்லுது. ரேடியோவுலயே கேட்டோம்ல.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் எழுந்து உள்ளதைச் சொன்னேன். இந்த வௌவால் ஒன்றின் எடை பாதி எலுமிச்சம்பழம். விரல் நீள மீனைத்தான் தூக்கும். கண்மாயில் விட்டிருப்பது கட்லா. ஒரு கட்லா முழங்கை நீளம்.

“ஒத்தையாத் தூக்காது பாப்பா,” என்றார் தலைவர். “நாலஞ்சு சேந்து தூக்கும்.”

“வௌவால் அப்படிச் சேர்ந்து வேலை செய்யாதுங்கய்யா.”

“அதுகளுக்குள்ள ஒத்துமை இருக்கு. நமக்குத்தான் இல்ல.”

கைதட்டினார்கள். ஒற்றுமையைப் பற்றி அவர் இன்னும் கொஞ்ச நேரம் பேசினார். லாரித் தடத்தைப் பற்றிப் பேச எனக்கு இடம் கிடைக்கவில்லை.

ஏப்ரல் 10

கரையில் போர்டு. ‘கண்மாயில் அலை எழுப்பக் கூடாது. இப்படிக்கு ஊராட்சி மன்றம்.’ பெயிண்ட் இன்னும் காயவில்லை.

குளிக்கக் கூடாது. மாடு இறக்கக் கூடாது. கல் எறியக் கூடாது. தண்ணீர் மொள்ளலாம், ஆனால் குடத்தைச் சாய்த்து மெதுவாக முக்க வேண்டும். மேற்குத் தெருவிலும் கிழக்குத் தெருவிலும் வீட்டுக்கு வீடு குழாய். ஊருக்கு வெளியே கிழக்கே காலனிக்குக் குளிக்கவும் துவைக்கவும் இந்தக் கண்மாய்தான். சட்டம் எல்லோருக்கும் பொது என்று ஊராட்சிச் செயலர் சொன்னார். இந்த நாட்டில் அநியாயம் எப்போதும் எல்லோருக்கும் பொதுவாகத்தான் எழுதப்படுகிறது.

காவலுக்குத் தலைவரின் மைத்துனர் சோணை. கழுத்தில் விசில். மத்தியானம் மேல்காற்று அடித்துக் கண்மாய் முழுக்க அலை எழுந்தது. சோணை அரைமணி நேரம் விடாமல் காற்றைப் பார்த்து விசில் ஊதினார். பிறகு காற்று நின்றது. தான் நிறுத்தியதாக டீக்கடையில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஏப்ரல் 11

எனக்கு ராச்சாப்பாடு கொண்டுவருவது பஞ்சவர்ணம் அக்கா. சத்துணவுக் கூடத்தில் சமையல். நான் வந்த முதல் நாளே ஊர் கேட்டார், தெரு கேட்டார். சொன்னேன். அன்றிலிருந்து பாக்குமட்டைத் தட்டு. கழுவுற வேலை இல்ல பாரு, வசதி என்றார். வசதிதான்.

இன்று திருவிழாக் கதை சொன்னார். போன வருடம் கூட்டத்தில் தலைவரின் செல்போன் தண்ணீரில் விழுந்துவிட்டதாம். கிழக்குத் தெரு ஆள் ஒருவரின் கூடையில் அது மீனோடு மாட்டியதாம்.

“திருப்பிக் குடுத்தாரா?”

“எதுக்குக் குடுக்கணும்? துண்டு வீசுன பெறகு கண்மாய்ல பிடிச்சது பிடிச்சவுகளுக்கு. தலைவரே வாயத் தொறக்கல. சாமி கணக்குல்ல அது.”

ஏப்ரல் 12

வாத்துகள் வந்துவிட்டன.

நானூறுக்கு மேல் இருக்கும். ஓட்டி வந்தவள் பூங்காவனம், திண்டிவனத்துப் பக்கம். அறுவடை முடிந்த வயல்களில் சிந்திய நெல்லுக்காக ஊர் ஊராக ஓட்டிக்கொண்டு வருகிறார்கள். கணவர் ஏகாம்பரம் அடுத்த ஊரில் வயல் பார்க்க முன்னால் போயிருக்கிறார். வாத்துகள் தண்ணீரைக் கண்டதும் போர்டைப் படிக்காமல் இறங்கிவிட்டன.

சோணை விசில் ஊதினார். வாத்துகள் அதற்குப் பதில் சொல்லின. பூங்காவனம் சிரித்த சிரிப்பு மடை வரைக்கும் கேட்டது.

“யோவ், நீ ஊதுறது அதுங்க பாஷையில இன்னாமோ அர்த்தம் போல. நிறுத்துய்யா, கிட்ட வருதுங்கோ!”

ஏப்ரல் 13

வாத்துகளைக் கைது செய்துவிட்டார்கள். குற்றம்: அலை எழுப்பியது.

சமுதாயக் கூடத்துக்குள் அடைத்துப் பூட்டு. அங்கே நாளை வளைகாப்பு ஒன்று இருந்தது. அது பள்ளிக்கூடத்துக்கு மாறியது. மணமேடையில் வாத்து, நாற்காலிகளில் வாத்து, ‘நல்வரவு’ எழுதிய வளைவுக்குக் கீழே வாத்து.

ஏப்ரல் 15

பூங்காவனம் நூலகத்துக்கு வந்தாள். உட்காரவில்லை.

“யம்மா, தண்ணி இல்லாம வாத்து எத்தினி நாளு நிக்கும்? நேத்து ரெண்டு போச்சு. வேற பொழப்பு எனுக்கு இல்ல. வீடு, நெலம் எல்லாமே இதுங்கதான். நீ சொல்லித்தான் அலைய நிறுத்தினாங்களாமே?”

“நான் வௌவாலைப் பத்தித்தான் சொன்னேன்.”

“அப்ப வாத்தப் பத்தியும் ஒரு வார்த்த சொல்லு.”

“சொல்றேன்க்கா. நான் சொன்னா கேப்பாங்க.”

அவள் ஒரு முட்டையை மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

பேராசிரியருக்குப் போன் செய்தேன். லாரி, செதில், வாத்து எல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டார். பிறகு, “அனுமதி எப்போ முடியுது ஜான்சி?” என்றார். இருபத்து நான்காம் தேதி என்றேன். “அப்ப சயின்ஸ் மட்டும் பேசும்மா. ஊர் விவகாரம் நமக்கு எதுக்கு?” என்றார்.

கோழை. இந்த மாதிரி ஆட்களால்தான் இந்த நாடு இப்படி இருக்கிறது.

ஏப்ரல் 16

தலைவரைப் பார்த்தேன். சயின்ஸ் மட்டும் பேசினேன். அதுவே போதுமாக இருந்தது.

தண்ணீரில் ஒரே ஒரு சுளிப்பு இருந்தால் வௌவால் கண்டுபிடிக்கும். எங்கே பார்த்தாலும் அலையாக இருந்தால் எல்லாப் பக்கமிருந்தும் குரல் திரும்பி வந்து குழம்பிவிடும். எது மீன், எது அலை என்று பிரிக்க முடியாது. வாத்து நீந்தினால் மீனுக்குப் பாதுகாப்பு. ஆகவே வாத்துகளை விட்டுவிடலாம்.

“இத மொதல்லயே சொல்லக் கூடாதா பாப்பா?” என்று தலைவர் எழுந்தே விட்டார். இவ்வளவு சுலபமாக வேலை முடியும் என்று நான் நினைக்கவில்லை.

ஏப்ரல் 17

முடியவில்லை. வாத்துகளை வேலைக்குச் சேர்த்துவிட்டார்கள்.

தீர்மானம் போட்டாகிவிட்டது. திருவிழா முடியும்வரை வாத்துகள் இரவு பகல் பாராமல் கண்மாயில் அலை எழுப்ப வேண்டும். ஊராட்சிப் பணி என்பதால் ஒவ்வொன்றின் முதுகிலும் சிவப்பு பெயிண்டில் ஒரு கோடு. கரையேறும் வாத்தைப் பார்த்து சோணை விசில் ஊதுகிறார். போன வாரம் அலை எழுந்தால் விசில். இந்த வாரம் அலை நின்றால் விசில். போர்டில் ‘கூடாது’ என்பதை மட்டும் வெள்ளையடித்து மறைத்திருக்கிறார்கள், ஆனால் காலனிக்காரர்கள் இறங்கினால் இன்னமும் விரட்டுகிறார்கள். மனித அலை வேறு வகையாம்.

முட்டை ஊராட்சி அலுவலகத்துக்குப் போகிறது.

ஏப்ரல் 20

பூங்காவனம் கரையிலேயே சாக்கு விரித்துக் கிடக்கிறாள். ஏகாம்பரம் பிடித்து வைத்த வயலை வேறு வாத்துக்காரர்கள் முந்திக்கொண்டார்களாம்.

“எப்பதாம்மா வுடுவாங்க?”

“திருவிழா முடிஞ்சதும்.”

“யாரு சொன்னது?”

நான்தான் சொன்னேன். வேறு யாரும் சொல்லவில்லை.

வாத்துகளால் என் பதிவுகள் எல்லாம் பாழ். ஆனால் ஒன்று நிரூபணமாகிவிட்டது: அலையில் வௌவால்கள் உண்மையிலேயே குழம்புகின்றன. கட்டுரைக்கு ஆகும்.

ஏப்ரல் 23

விடியும் நேரம் வாத்துகள் ஒரே குரலில் கத்தின. ஊரே எழுந்து ஓடியது. நானும் ஓடினேன்.

மடையோரம் லாரி. கண்மாய்க்குள் இழுவலை. வலையில் கட்லா துள்ளுகிறது. வலைக்கு நடுவே வாத்துகள் சிறகடித்துக் கத்துகின்றன. லாரிப் படியில் தலைவர், லுங்கியை மடித்துக் கட்டி, கையில் டார்ச்சோடு. இனி நான் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை, வாத்துகள் சொல்லிவிட்டன என்று நினைத்தேன்.

தலைவர் டார்ச்சை அணைத்தார்.

“நல்லதாப் போச்சு, எல்லாரும் வந்துட்டீக. மீனப் பத்திரமான எடத்துக்கு மாத்துறோம். வௌவால் பெருகிப் போச்சு. திருவிழா அன்னைக்குக் கொண்டாந்து விட்டுருவோம்.”

பின்னாலிருந்து ஒருவர், “அதானே, தலைவரு யோசிக்காமச் செய்வாரா?” என்றார். இன்னொருவர் வலையின் ஒரு முனையைப் பிடித்துக் கொடுத்தார்.

பூங்காவனம் மட்டும் முன்னால் வந்தாள். “எந்த எடம்யா அது? அங்க தண்ணி இருக்குதா? இருந்தா எங்க வாத்தையும் அங்கயே பத்திரமா வுடேன்!”

கூட்டம் சிரித்தது. தலைவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினார்.

“என்ன பாப்பா, வௌவால் இருக்கா இல்லயா?”

இருக்கிறது என்றேன். அது உண்மை. நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை.

ஏப்ரல் 24

அனுமதி மூன்று மாதத்துக்கு நீட்டிப்பு. மாதாமாதம் அலைய வேண்டாம் பாப்பா என்று அவரே கூப்பிட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

ஏப்ரல் 30

சுற்று வட்டாரமெல்லாம் கூட்டம் வந்து இறங்கிவிட்டது. கரை முழுக்க ஊத்தாக் கூடைகள். அடியும் இல்லாமல் மூடியும் இல்லாமல் மூங்கிலில் பின்னியது. தண்ணீரில் அழுத்தி, மேல்வாய் வழியாகக் கைவிட்டு மீனை எடுக்க வேண்டும்.

பத்திரமான இடத்திலிருந்து மீன் இன்னும் வரவில்லை.

சாயங்காலம் பூங்காவனம் வந்தாள். முகம் சரியில்லை.

“கூட்டம் எறங்கறதுக்கு முன்ன வாத்த கரையேத்திடணும். அந்த விசில்காரன் வுட மாட்டேங்கறான். ஆர்டர் திருவிழா முடியறவரைக்கும்ங்கறான். நீ கொஞ்சம் சொல்லு கண்ணு.”

“காலைல மொத வேலையா சொல்றேன்.”

“மறக்காத.”

மறக்கவில்லை என்பதற்காகவே இங்கே எழுதி வைக்கிறேன்.

மே 1

மேடையில் என்னை உட்காரவைத்துவிட்டார்கள். அறிவியல் ஆலோசகராம். துண்டு போர்த்தினார்கள். தலைவர் மைக்கில் சாதி பார்க்காத திருவிழா என்று மூன்று முறை சொன்னார். காலனிக்காரர்கள் கிழக்கு ஓரத்தில், சேறு மட்டும் இருக்கும் பக்கம், இறங்கத் தயாராக நின்றார்கள்.

நான் அவர் காதருகே போய், “ஐயா, வாத்து...” என்றேன். “இருக்கட்டும் பாப்பா,” என்றார். வெள்ளைத் துண்டு மேலே போனது.

ஆயிரம் பேர் குதித்தார்கள். தண்ணீர் சேறானது. கூடைகளை அழுத்தினார்கள், கைவிட்டார்கள், எடுத்தார்கள். நத்தை. ஒரு செருப்பு. இன்னும் நத்தை. விரல் நீளக் கெண்டை கிடைத்த ஒருவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். பிறகு ஆட்டம் நின்றது. சத்தம் நின்றது. ஆயிரம் பேரும் முழங்கால் சேற்றில் நின்று மேடையைப் பார்த்தார்கள். தலைவர் மைக்கை அணைத்துவிட்டு மேடையின் பின்படியைத் திரும்பிப் பார்த்ததை நான் மட்டும்தான் பார்த்தேன்.

அப்போது கண்மாய் நடுவில் ஒரு வாத்து கத்தியது.

யார் முதலில் கூடையைக் கவிழ்த்தார்கள் என்று தெரியவில்லை. மீனுக்கென்று பின்னிய கூடை வாத்துக்கு இன்னும் கச்சிதம். மேல்வாய் வழியாகக் கழுத்து தானாகவே வெளியே வருகிறது. மேற்குத் தெரு, கிழக்குத் தெரு, காலனி, வெளியூர் எல்லோரும் ஒன்றாக ஓடினார்கள். இந்த ஊரில் நான் பார்த்த முதல் சமத்துவம் அது. பூங்காவனம் சேற்றில் விழுந்து எழுந்து, “எங்க வாத்துய்யா! அது மீனு இல்லய்யா!” என்று கத்தினாள். ஒருவரின் கூடையைப் பிடித்து இழுத்தாள். அவர் கோபப்படவே இல்லை. நிதானமாகச் சொன்னார்.

“துண்டு வீசியாச்சும்மா. கண்மாய்ல பிடிச்சது பிடிச்சவுகளுக்கு. தலைவரு செல்போனையே திருப்பிக் கேக்கல.”

தலைவர் மைக்கை மறுபடி போட்டார். “அமைதியாப் பிடிங்க, தள்ளாதீங்க,” என்றார் மைக்கில்.

மாலை

பஞ்சவர்ணம் அக்கா சாப்பாடு கொண்டுவந்தார். இன்று எவர்சில்வர் தட்டு. வீட்டில் அவர்கள் சாப்பிடும் தட்டு. விளிம்பில் பெயர் வெட்டியிருக்கிறது. “மேடையில உக்காந்த புள்ளைக்கு மட்டைத் தட்டா?” என்றார்.

சோறு, குழம்பு. என்ன குழம்பு என்று நான் கேட்கவில்லை. தட்டைக் கழுவி வைத்தேன்.

மே 2

வாத்து இல்லாததால் கண்மாய் ஆடாமல் கிடக்கிறது. பொழுது சாயவும் வௌவால்கள் இறங்கின. கருவியைத் திறந்து வைத்தேன். டிக்... டிக்... என்று போய்க்கொண்டே இருக்கிறது. எதுவும் திரும்பி வரவில்லை போலும். வேகம் எடுக்கவே இல்லை. அந்தக் கண்மாயில் இனி எதுவும் இல்லை.

பூங்காவனம் காலையிலிருந்து வீடு வீடாகப் போகிறாள். மேற்குத் தெருவில் தொடங்கினாள். ஒவ்வொரு வாசலிலும் நின்று ஒரு முறை கூப்பிடுவாள். “எங்க வாத்தக் குடுங்க.” வீட்டுக்குள் ஆள் இருப்பது தெரியும், ரேடியோ பாடும், தாளிக்கும் சத்தம் கேட்கும். பதில் வராது. அடுத்த வாசலுக்குப் போவாள். சில வாசல்களில் சிவப்புக் கோடு போட்ட இறகு கிடக்கிறது.

தலைவர் மதுரைக்குப் போயிருக்கிறார். மாவட்டத்தில் வௌவால் ஒழிப்புக்கு நிதி கேட்கப் போகிறாராம். என் பெயரைச் சேர்த்திருப்பதாகச் செயலர் சொன்னார்.

இப்போது அவள் கிழக்குத் தெருவையும் முடித்துவிட்டாள். மந்தையைத் தாண்டிவிட்டாள். கூப்பிடும் இடைவெளி குறைகிறது. ரேஷன் கடை வாசல். தபால் பெட்டி. நூலகத்துக்கு முன்னால் படியில் காலடி. கதவில் தட்டுகிறாள். நிறுத்தாமல் தட்டுகிறாள். நான் அசையாமல் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

“யம்மா, உள்ள இருக்கறது தெரியுது. நீ சொன்னா கேப்பாங்கன்னு சொன்னியே. மீனு எங்க போச்சுன்னு உனுக்குத் தெரியுமில்ல? வெளிய வா. வந்து சொல்லு.”